புதுப்பிப்பு: சம்பளத்தோடு பிஎச்டி தேடிய கதை

கையிலிருந்து காசு போடாமல் பிஎச்டி செய்ய வழி உண்டா என்று மூன்று மாதத்துக்கு முன்னால் இங்கே கேட்டிருந்தேன். படிப்பு எம்எஸ்சி வேதியியல். நடந்ததைச் சொல்கிறேன்.

சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (ஆய்வு மாணவர்களுக்கு மாதாமாதம் தரும் உதவித்தொகை) கிடைக்கவில்லை. மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி எல்லாம் போச்சு. சரி, ஐரோப்பா பக்கம் பார்ப்போம் என்று ஆய்வு வேலை விளம்பரங்கள் வரும் யூராக்செஸ் தளத்தில் உட்கார்ந்தேன்.

ஜெர்மனி விளம்பரங்களில் ‘இ13, 65 சதவீதம்’ என்று இருந்தது. மதிப்பெண் தகுதி போலிருக்கிறது என்று முதலில் நினைத்துத் தொலைத்தேன்! இ13 என்பது சம்பளப் படிநிலை. முழுநேரச் சம்பளத்தில் 65 சதவீதம் தருவார்கள். அங்கே பிஎச்டி பெரும்பாலும் வேலை ஒப்பந்தம்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் மேரி கியூரி பிஎச்டி இடங்களுக்கு ஒரு விதி: சேர்வதற்கு முந்தைய 36 மாதத்தில் சேரப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. சேலத்தை விட்டு நகராத எனக்கு அது வசதி.

ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி 22 பேராசிரியர்களுக்கு அனுப்பினேன், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு பேராசிரியரின் கட்டுரையில் மூன்றாவது வரைபடத்தில் வினையூக்கியின் வேகம் ஏன் திடீரென்று சரிகிறது என்று கேட்டு எழுதினேன். அன்று மாலையே பதில். வரும் வியாழன் நேர்காணல். வந்து சொல்கிறேன்.