அண்ணனின் சக்கர நாற்காலி சொன்னபடி கேட்கவில்லை, அவசர உதவி தேவை

தக்கலையான்:
தென்னையிலிருந்து விழுந்த என் அண்ணனுக்குக் கைகளும் கால்களும் அசையாது. அவருடைய மின் சக்கர நாற்காலி மூன்று நாள்களாக முன்னே போகாமல் திரும்பிக்கொள்கிறது. வாங்கிய கடையில் தொலைபேசியை எடுப்பதில்லை. தெரிந்தவர்கள் உடனே கூறவும்.

குழித்துறைவாசி:
அவர் நாற்காலியை எதைக் கொண்டு ஓட்டுகிறார் என்பதையே நீங்கள் எழுதவில்லையே, தம்பி. நாடியால் தள்ளும் பிடியா, தலைப்பக்க உணரிகளா, ஊதியும் உறிஞ்சியும் ஓட்டும் வாய்க்குழலா? எந்தப் பக்கம் திரும்புகிறது?

குளச்சல் கரை:
உப்புக்காற்றுதான் காரணம். எங்கள் ஊரில் மின்கல முனைகள் ஒரு மழைக்காலத்திலேயே பச்சை பூத்துவிடும், சுரண்டிப் பாருங்கள்.

மூத்த உறுப்பினர்:
கையேட்டைப் புரட்டாமல் இழை தொடங்கும் வழக்கம் இங்கே எப்போது ஒழியுமோ! கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவருக்கு மூச்சு தளர்வது இயல்பு. பழுது நாற்காலியில் இல்லை, மருத்துவரிடம் காட்டுங்கள்.

தக்கலையான்:
வாய்க்குழல்தான். முன்னே போக ஊதினால் வலப்புறமும், பின்னே வர உறிஞ்சினால் இடப்புறமும் திரும்புகிறது. மூச்சில் ஒரு குறையும் இல்லை.

நாகர்கோவில் பணிமனை:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு பேச்சே வந்திருக்காது. வழக்கமான அமைப்பில் பலமாக ஊதினால் முன்னே, பலமாக உறிஞ்சினால் பின்னே, மெல்ல ஊதினால் வலம், மெல்ல உறிஞ்சினால் இடம் என்று அழுத்தத்தின் அளவைக் கொண்டே கட்டளை பிரிகிறது. பலமாக ஊதுவது மெல்ல ஊதியதாகப் போய்ச் சேர்கிறது என்றால், வழியில் காற்று கசிகிறது, அல்லது எச்சிலும் ஈரமும் குழலை அடைத்திருக்கின்றன. மூத்தவரே, இந்த அழுத்தம் கன்னத்திலும் நாவிலும் பிறப்பது. சுவாசக் கருவியில் இருப்பவர்கள்கூட இதை இயக்குகிறார்கள். தம்பி, மின்சாரத்தை அணைத்து, உணரிப் பெட்டியிலிருந்து குழலைக் கழற்றி, ஒரு முனையை விரலால் அடைத்து, சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல நீரில் அமிழ்த்தி, மறுமுனையில் ஊதுங்கள். பெட்டிக்குள் ஒரு சொட்டு நீரும் போகக் கூடாது.

குளச்சல் கரை:
குழலே தொல்லைதான். தலைப்பக்க உணரிக்கு மாறினால், பின்தலையைச் சாய்த்து முன்னே போகலாம், பக்கவாட்டில் சாய்த்துத் திரும்பலாம்; எச்சில் என்ற பேச்சே இல்லை.

குழித்துறைவாசி:
கழுத்து அடிக்கடி இறுகித் துடிப்பவருக்கு அது ஆபத்து, அண்ணாச்சி. என் மைத்துனர் அப்படித்தான் சுவரில் மோதினார்.

மூத்த உறுப்பினர்:
இரண்டுமே பழங்கதை. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாவில் சிறு காந்தம் பொருத்தி நாற்காலியை ஓட்டும் முறையைக் கைகால் செயலிழந்த 11 பேரிடம் சோதித்து 2013இலேயே வெளியிட்டுவிட்டார்கள்.

குளச்சல் கரை:
அதைத் தக்கலையில் எந்தக் கடையில் வாங்குவதாம்?

நாகர்கோவில் பணிமனை:
தம்பி, இன்னொன்று. ஒருமுறை ஊதினால் நிறுத்தும்வரை ஓடும் அமைப்பு என்றால், சரிபார்க்கும்போது அண்ணனை நாற்காலியில் அமர்த்த வேண்டாம். உடனிருப்பவர் அழுத்தும் நிறுத்துபொத்தான் வேலை செய்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

தக்கலையான்:
இணைப்பு முனையில் மயிரிழை விரிசல் இருந்தது. குழலை மாற்றினோம். அண்ணன் முற்றம்வரை போய் வந்தார். நன்றி.