கேரியர் நாயின் எட்டுக் குட்டிக்கும் கண் தெரிந்தால் டிஎன்ஏ டெஸ்ட் பொய்யாகிவிடுமா?

முத்துவின் அம்மா (கோடம்பாக்கம்), இரவு 9.10

நேற்று இந்தக் குழுவில் லாப்ரடார் வளர்த்துக் குட்டி விற்கும் 'அண்ணாநகர் லேப்' ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியது இதுதான்: "என் ஸ்டட் நாய்க்கு (இனச்சேர்க்கைக்கு விடும் ஆண் நாய்) பிஆர்ஏ என்ற பரம்பரைக் கண் நோயின் கேரியர் என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். அதே நாய்க்குப் பிறந்த எட்டுக் குட்டிக்கும் கண் பளிச்சென்று தெரிகிறது. டிஎன்ஏ டெஸ்ட் என்பது பயமுறுத்திக் காசு பறிக்கிற வேலை. யாரும் ஏமாறாதீர்கள்."

என் லாப்ரடார் முத்துவுக்கு இப்போது ஆறு வயது. நாலரை வயதில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. கூடத்து ஊஞ்சலில் நேராகப் போய் முட்டிக்கொண்டான். அப்புறம் பொழுது சாய்ந்தால் மொட்டைமாடிப் படியில் கால் வைக்க மாட்டான். நாங்கள் ஏதோ பயந்துவிட்டான் என்று நினைத்தோம். கண் டாக்டர் பார்த்துவிட்டு விழித்திரை தேய்ந்துகொண்டே போகிறது என்றார். ரத்தம் எடுத்து அனுப்பினோம். பிஆர்சிடி வகை பிஆர்ஏ, மரபணுவின் இரண்டு பிரதியிலும் பழுது என்று வந்தது. இப்போது பகலிலும் தெரியவில்லை. ஒரு நாற்காலியை இடம் மாற்றி வைத்தால்கூட அன்று முழுக்கத் தடுமாறுகிறான்.

விற்றவர் "சாம்பியன் லைன், கேசிஐ (இந்திய கெனல் கிளப்) பேப்பர் இருக்கிறது" என்றுதான் சொன்னார். அந்தப் பேப்பரில் தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயரெல்லாம் இருக்கிறது. கண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பா நாய், அம்மா நாய் இரண்டில் ஒன்றுக்கு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டுச் சேர்த்திருந்தால் என் பிள்ளைக்கு இந்த நிலை வந்திருக்காது. அதனால் ஒரே ஒரு கேள்வி ஐயா. உங்கள் ஆண் நாய் கேரியர். அம்மா நாய்க்கு டெஸ்ட் எடுத்தீர்களா?

அண்ணாநகர் லேப், இரவு 9.32

உங்கள் நாய்க்கு வந்தது வருத்தம்தான் அம்மா. அதற்கு நான் பொறுப்பில்லை, நீங்கள் என்னிடம் குட்டி வாங்கவும் இல்லை. நான் இருபத்தைந்து வருஷமாக லாப்ரடார் வளர்க்கிறேன். சீக்கு ரத்தம் இருந்தால் குட்டியில் வந்தே தீரும். எட்டுக் குட்டி. பந்தை எறிந்தால் எட்டும் பாய்ந்து பிடிக்கிறது. அப்படியானால் ரிப்போர்ட் பொய். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

வேப்பேரி மாணவன், இரவு 9.47

ஐயா, கேரியர் என்றால் சீக்கு நாய் இல்லை. ஒவ்வொரு மரபணுவிலும் அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. இந்த நோய் ஒடுங்கு வகை. இரண்டு பிரதியும் பழுதானால்தான் கண் போகும். ஒன்று மட்டும் பழுதான நாய்தான் கேரியர். சாகிறவரை அதற்குக் கண் நன்றாகவே தெரியும், ஆனால் பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு அந்தப் பழுதைக் கொடுத்துவிடும்.

உங்கள் பெண் நாய் கிளியராக, அதாவது இரண்டு பிரதியும் நல்லதாக இருந்தால் எட்டு அல்ல, எண்பது குட்டி போட்டாலும் ஒன்றுக்கும் கண் போகாது. ரிப்போர்ட் சொன்னதும் அதுதான். பெண் நாயும் கேரியர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். எட்டும் தப்பிக்க ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வாய்ப்பு இருக்கிறது.

அதைவிட முக்கியம், குட்டிகளுக்கு என்ன வயது? லாப்ரடாரில் இந்த நோய் பெரும்பாலும் மூன்று, நான்கு வயதுக்கு மேல்தான் வெளியே தெரியும். முதலில் மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்யும் செல்கள் சாகும், பிறகுதான் பகல் பார்வை போகும். முத்து கரண்ட் போனபோது முட்டிக்கொண்டதும் அதனால்தான்.

அண்ணாநகர் லேப், இரவு 9.58

பதினாலு மாதம். எட்டுக்கும் கண் தெரிகிறது.

நாலில் ஒன்று என்று நீயே சொல்கிறாய் தம்பி. எட்டில் இரண்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. படிப்பாளிகளுக்குக் கணக்கு மட்டும் தெரியும், நாய் தெரியாது. நீ எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறாய்? நான் ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சில்லாமல் விழுந்த குட்டியைத் துண்டால் தேய்த்து உயிர் கொடுத்தவன்.

முத்துவின் அம்மா, இரவு 10.03

அம்மா நாய்க்கு டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்டேன்.

தாம்பரம் டாபர்மேன், இரவு 10.15

டெஸ்ட் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறீர்களே, எனக்கு வயிறு எரிகிறது. என் டாபர்மேனுக்கு இதய நோய்க்கான டெஸ்ட் கிளியர் என்று பேப்பர் வந்தது. பிரேம் போட்டு மாட்டாத குறையாக வைத்திருந்தேன். ஐந்து வயதில் காலையில் பால் வைக்கப் போனேன், படுத்தபடியே செத்துக் கிடந்தது. அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வேப்பேரி மாணவன், இரவு 10.29

அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு. பிஆர்சிடி ஒரே மரபணுவில் ஒரே எழுத்து மாறுவதால் வருவது. 2006இல் கண்டுபிடித்தபோது, விழித்திரை நோயுள்ள ஒரு மனிதரிடமும் அதே எழுத்து மாற்றத்தைப் பார்த்தார்கள். அதில் ரிப்போர்ட் தெளிவாக இருக்கும். டாபர்மேனின் இதய வீக்கம் அப்படி இல்லை. அமெரிக்க டாபர்மேன்களில் பிடிகே4 என்ற மரபணுவைப் பிடித்தார்கள், ஐரோப்பிய டாபர்மேன்களில் பார்த்தபோது அது பொருந்தவில்லை. அதனால் அந்த இனத்துக்கு டிஎன்ஏ பேப்பர் மட்டும் போதாது, வருஷா வருஷம் எக்கோ என்ற இதய ஸ்கேனும், 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டரும் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டுக் கோளாறும் இதே மாதிரிதான். பல மரபணுவும் தீனியும் எடையும் சேர்ந்து வருவது, அதற்கு எக்ஸ்ரேதான்.

தாம்பரம் டாபர்மேன், இரவு 10.34

இதைப் பேப்பர் கொடுத்தவர்கள் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டாமா? நாய் செத்த பிறகு நீ சொல்கிறாய்.

அண்ணாநகர் லேப், இரவு 10.36

பார்த்தீர்களா! நான் சொன்னால் கெட்டவன். அவர் நாய் கிளியர், செத்துவிட்டது. என் நாய் கேரியர், எட்டுக் குட்டியும் ஓடுகிறது.

வெள்ளை ராஜா, இரவு 10.48

வெளிநாட்டு நாயை ஏசியில் வைத்து வளர்த்தால் இப்படித்தான். நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எதற்காவது பிஆர்ஏ கேள்விப்பட்டதுண்டா? 2005இல் ராஜபாளையத்துக்குத் தபால் தலையே வந்தது. சைதாப்பேட்டையில் அரசே வளர்த்த இனங்கள் இவை. நாட்டு நாய் வாங்குங்கள், எந்த டெஸ்டும் வேண்டாம்.

முத்துவின் அம்மா, இரவு 10.55

நான் எந்த இனம் நல்லது என்று கேட்கவில்லை சார்.

வேப்பேரி மாணவன், இரவு 11.02

ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும் ஐயா. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். முழு வெள்ளையில் அவை அங்கே போய்ச் சேராவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே காது போய்விடும். டால்மேஷனில் நடப்பதும் இதுதான். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு என்று நாம் தேடித் தேடிச் சேர்ப்பதற்குக் குட்டி கொடுக்கும் விலை அது. நம் இனங்களில் நோய் கேள்விப்படவில்லை என்றால், நாம் தேடிப் பார்த்தது குறைவு என்பதும் ஒரு காரணம். கடையில் கிடைக்கிற டெஸ்ட் பெரும்பாலும் வெளிநாட்டு இனங்களில் கண்டுபிடித்த மாற்றங்களைத்தான் தேடும். 2005இல் முழு மரபணுத் தொகுதியையும் படித்து வெளியிட்டதே டாஷா என்ற பாக்சர் நாயுடையது. ஒரு சிப்பிப்பாறையை வைத்து இந்த வேலை தொடங்கியிருந்தால் இன்று நம் கதையே வேறு.

வெள்ளை ராஜா, இரவு 11.09

ராஜபாளையத்தைச் செவிடு என்று சொல்ல உனக்கு என்ன தைரியம்! என் வீட்டில் மூன்று இருக்கிறது. கேட் திறக்கும் சத்தத்துக்கே எழுந்து நிற்கும். பாளையக்காரர்கள் வளர்த்த நாயை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் குறை சொல்கிறீர்கள்.

வேப்பேரி மாணவன், இரவு 11.14

உங்கள் மூன்றைச் சொல்லவில்லை. ஒரு காது மட்டும் போன நாயை வீட்டில் கண்டுபிடிக்கவும் முடியாது, சத்தத்துக்கு மூளைத்தண்டு காட்டும் பதிலை அளக்கும் சோதனையில்தான் தெரியும்.

தாம்பரம் டாபர்மேன், இரவு 11.20

என் கருத்து வேறு. கேரியர் என்று வந்தால் ஆணோ பெண்ணோ அன்றைக்கே கருத்தடை. ஒரே தலைமுறையில் வேலை முடிந்துவிடும்.

வேப்பேரி மாணவன், இரவு 11.31

அப்படிச் செய்தால் இனமே சுருங்கிவிடும் அண்ணா. ஒரு பழுதுக்காக நல்ல நாய்களை எல்லாம் ஒதுக்கினால் மிச்சமிருக்கும் கொஞ்ச நாய்களுக்குள்ளேயே மறுபடி மறுபடி சேர்ப்போம், வேறு பழுது இரட்டிப்பாகி வெளியே வரும். டால்மேஷனில் சிறுநீர்க் கல் வரவைக்கும் பழுது இனம் முழுவதிலும் இரட்டையாகப் பரவிவிட்டது. நல்ல பிரதி ஒன்றுகூட மிஞ்சாததால் 1973இல் பாயிண்டர் நாயோடு கலந்துதான் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. கேரியரைக் கிளியரோடு சேர்க்கலாம். கேரியரைக் கேரியரோடு சேர்க்கவே கூடாது. அவ்வளவுதான்.

தாம்பரம் டாபர்மேன், இரவு 11.35

அவ்வளவுதான் என்று சொல்ல நீ குட்டியைப் புதைத்தவன் இல்லை.

பெரம்பூர்காரன், இரவு 11.41

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். அண்ணாநகர் லேப் அவர்களே, எட்டு என்கிறீர்கள். போன வருஷம் அந்தப் பிரசவத்தன்று நீங்களே போட்ட பதிவில் ஒன்பது குட்டி என்று இருந்தது. படமும் இருந்தது, எண்ணிப் பார்த்தேன். அந்த ஒன்பதாவது எங்கே?

அண்ணாநகர் லேப், இரவு 11.44

வந்துவிட்டார். என் ஆண் நாயைச் சேர்த்ததற்கான ஸ்டட் பீஸ் பாதி கொடுத்துவிட்டு மீதியை மூன்று வருஷமாகக் கொடுக்காதவர் எனக்குக் கணக்குக் கேட்கிறார். அந்தக் குட்டி இரண்டாம் நாளே தாயின் அடியில் நசுங்கிப் போய்விட்டது. எல்லார் வீட்டிலும் நடப்பது. உயிரோடு இருப்பது எட்டு. எட்டுக்கும் கண் தெரிகிறது.

பெரம்பூர்காரன், இரவு 11.47

மேட்டிங் பிடிக்கவில்லை, பெண் நாய் சினையாகவில்லை. அதற்கு ஏன் முழுப் பணம்? அப்படி நடந்தால் அடுத்த முறை இலவசம் என்று சொன்னது நீங்கள்தான். இரண்டு சாட்சி இருக்கிறார்கள்.

அண்ணாநகர் லேப், இரவு 11.50

உங்கள் நாயைத் தப்பான நாளில் கொண்டு வந்தீர்கள். சேர்க்க வேண்டிய நாளைக் காட்டும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை ரத்தத்தில் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அன்றைக்கே சொன்னேன்.

வேப்பேரி மாணவன், இரவு 11.53

ஹார்மோன் டெஸ்டை நம்புகிறீர்கள் ஐயா, டிஎன்ஏ டெஸ்ட் மட்டும் பொய்யா?

அண்ணாநகர் லேப், இரவு 11.58

அது வேலை செய்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இது கன்னத்தில் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து அனுப்புவது. ஒரே தட்டில் நாலு நாய் சாப்பிடும், எந்த நாயின் எச்சில் யாருக்குத் தெரியும்?

வேப்பேரி மாணவன், இரவு 12.04

அது நியாயமான சந்தேகம். சாப்பிட்ட உடனே, பால் குடித்த உடனே எடுத்தால் கலக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் நாயைத் தனியாக வைத்து, சாப்பாடு கொடுக்காமல் எடுக்கச் சொல்கிறார்கள். சந்தேகம் இருந்தால் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து அனுப்புங்கள். ஆணுக்கும் எடுங்கள், பெண்ணுக்கும் எடுங்கள், எட்டுக்கும் எடுங்கள். 2001இல் பிறவியிலேயே பார்வை இல்லாத பிரியார்ட் நாய்களின் கண்ணுக்குள் ஆர்பிஇ65 என்ற மரபணுவின் நல்ல பிரதியைச் செலுத்திப் பார்வை வரவைத்தார்கள். அதே வழியில் வந்த சிகிச்சைக்குத்தான் 2017இல் மனிதர்களுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பழுது எங்கே இருக்கிறது என்று தெரிந்ததால்தான் அது முடிந்தது.

முத்துவின் அம்மா, இரவு 12.09

தம்பி, அந்தச் சிகிச்சை முத்துவுக்கு உதவுமா?

வேப்பேரி மாணவன், இரவு 12.12

இல்லை அம்மா. அது வேறு மரபணு. முத்துவின் வகைக்கு இங்கே அப்படி ஒரு மருந்து கிடைக்காது. பொருட்களை இடம் மாற்றாதீர்கள், படி முனையில் கரடுமுரடான மிதியடி போடுங்கள். அவனுக்கு மூக்கும் காதும் இருக்கிறது.

வெள்ளை ராஜா, இரவு 12.15

காது பற்றி மறுபடி எதற்கு? ராஜபாளையத்தைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கு, அப்புறம் பேசு.

பெரம்பூர்காரன், இரவு 12.17

ஒன்பதாவது குட்டிக்குக் கண் திறக்கும் முன்பே செத்தது என்றால், அதற்குக் கண் தெரியுமா தெரியாதா என்று யாருக்குத் தெரியும்? எட்டுக்கு எட்டு என்ற கணக்கே தப்பு.

அண்ணாநகர் லேப், இரவு 12.21

மீதிப் பணத்தைக் கொண்டு வந்து வைத்துவிட்டுக் கணக்குப் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம். எட்டில் மூன்று என்னிடம்தான் இருக்கிறது. பந்து நான் கொடுக்கிறேன், நீங்களே எறிந்து பாருங்கள்.

முத்துவின் அம்மா, இரவு 12.26

வருகிறேன். ராத்திரி ஏழு மணிக்கு மேல் வருகிறேன், விளக்கை அணைத்துவிட்டு எறிந்து பார்க்கிறேன். அவற்றுக்கு நாலு வயது ஆகும்போது மறுபடியும் வருவேன். அம்மா நாய்க்கு டெஸ்ட் எடுத்தீர்களா ஐயா?

அண்ணாநகர் லேப், இரவு 12.30

காலை என்றுதான் சொன்னேன். ராத்திரி யாரையும் உள்ளே விடுவதில்லை.