செக்யூரிட்டி பேட்ச் எங்கே தேங்குகிறது? – அனுபவப் பகிர்வு

கெர்னல் பக்கம் வேலை செய்பவர்

ஆண்ட்ராய்டு ஃபோனின் பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தம்தான் செக்யூரிட்டி பேட்ச். அதை எழுதுவதில் நாள் போவதில்லை. எழுதிய பேட்ச் ஃபோனுக்கு வந்து சேர்வதில்தான் மாதங்கள் போகின்றன. ஆண்ட்ராய்டில் ஆப்களும் சிஸ்டமும் ஒன்றோடொன்று பேசும் பகுதி பைண்டர். அதில் இருந்த ஓட்டையைப் பாருங்கள், சிவிஇ-2019-2215 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குப் போடும் பொது அடையாள எண்). ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலைத் தானாகவே சோதிக்கும் சிஸ்பாட் என்ற கருவி இதை 2017 நவம்பரில் பிடித்தது. 2018 பிப்ரவரியில் கெர்னலில் திருத்தமும் ஏறிவிட்டது. ஆனால் சிவிஇ எண் போடாமலே ஏற்றினார்கள். ஆண்ட்ராய்டின் மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கையிலும் அது வரவில்லை. ஃபோன் கம்பெனிகள் அந்த அறிக்கையை வைத்துத்தான் பேட்ச் பொறுக்குகிறார்கள். அதில் இல்லாதது அவர்கள் கண்ணில் படாது.

2019 செப்டம்பரில் ஓட்டை தேடும் கூகுள் குழுவான ப்ராஜெக்ட் ஸீரோ கையில் இது சிக்கியபோது கூகுளின் சொந்த ஃபோனான பிக்சல் 2 கூடத் திறந்தே கிடந்தது. அதற்குள் ஆட்கள் இதை வைத்துத் தாக்கவும் தொடங்கியிருந்தார்கள். கடைசியில் 2019-10-06 என்று தனியாக ஒரு பேட்ச் தேதியே போட வேண்டியதாயிற்று. பழைய கெர்னலில் உட்கார்ந்திருக்கிற ஃபோன்களுக்கு இதுதான் நிரந்தரச் சிக்கல்.

ஃபர்ம்வேர் பில்ட் செய்பவர்

அண்ணன் சொன்னது சரி, அடுத்த தேக்கம் சிப்பில். கூகுள் குறைந்தது ஒரு மாதம் முன்பே கம்பெனிகளுக்கு விவரம் கொடுத்துவிடுகிறது. ஆனால் ஜிபியு டிரைவர் (திரையில் படம் வரையும் சிப்பை இயக்கும் மென்பொருள்), மோடத்தின் மென்பொருள் எல்லாம் சிப் தயாரிப்பாளரிடமிருந்து வர வேண்டும். அது வந்ததும் கம்பெனியின் சோர்ஸில் (மூல நிரலில்) ஒட்ட வேண்டும். கேமராவுக்கோ பேட்டரிக்கோ அந்த ஃபைலை ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தால் பேட்ச் நேராக ஒட்டாது. வரி வரியாகக் கையால் இணைக்க வேண்டும். இதை மாடல் வாரியாக, நாடு வாரியாகச் செய்து, நெட்வொர்க் கம்பெனி கேட்கும் இடங்களில் அவர்கள் சோதனையையும் முடித்த பிறகுதான் வெளியே விடுவார்கள். அதுவும் முதலில் கொஞ்சம் பேருக்கு, பிறகு மற்றவர்களுக்கு.

ஆர்ம் நிறுவனம் வடிவமைக்கும் மாலி ஜிபியுவின் ஓட்டைகள் ஐந்தை 2022 ஜூலை, ஆகஸ்டிலேயே அந்நிறுவனம் மூடிவிட்டது. நவம்பரில் ப்ராஜெக்ட் ஸீரோ சோதித்த மாலி ஃபோன்களில் ஒன்றுகூட மூடப்படவில்லை.

2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த ட்ரெபிள் என்ற அமைப்பு, சிப் சார்ந்த பகுதியைத் தனியே பிரித்துக் கொடுத்தது. உண்மையிலேயே பெரிய உதவி. ஆனாலும் டிரைவர் பேட்ச் சிப்காரரிடமிருந்து வந்தே ஆக வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்

அப்படியானால் செட்டிங்ஸில் தெரிகிற பேட்ச் தேதியை நம்பலாமா சார்?

ஃபர்ம்வேர் பில்ட் செய்பவர்

நம்பலாம், ஆனால் தேதியின் கடைசி எண்ணைப் பாருங்கள் தம்பி. 01 என்றால் ஆண்ட்ராய்டின் பொதுப்பகுதி மட்டும். 05 என்றால் அதோடு கெர்னலும் சிப் டிரைவர்களும் சேர்ந்தது. மாதம் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

இன்னொரு தேதியும் உண்டு: கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட். பெரும்பாலான ஃபோன்களில் 'ஃபோனைப் பற்றி' என்ற பகுதிக்குள் ஆண்ட்ராய்டு பதிப்பு விவரத்தில் இரண்டையும் பார்க்கலாம். மீடியா கோடெக் (வீடியோ, ஆடியோவை விரித்து இயக்கும் பகுதி), டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் பகுதி) போன்றவை ஆண்ட்ராய்டு 10 முதல் இந்த வழியில் கம்பெனிக்குக் காத்திராமல் வருகின்றன. டவுன்லோடு ஆனால் மட்டும் போதாது, ரீஸ்டார்ட் செய்தால்தான் ஏறும். ஃபோனை மாதக்கணக்கில் அணைக்காமல் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தேதி நகராமல் நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

சர்வீஸ் பக்கத்திலிருந்து

அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆன பிறகும் பழைய பேட்ச் தேதியே நின்றால், புது சிஸ்டம் பூட் ஆகவில்லை என்று அர்த்தம். இரண்டு ஸ்லாட் (சிஸ்டத்தின் இரண்டு பிரதிகளுக்கான இடம்) உள்ள ஃபோன்களில் புதியது அப்போது ஓடாத ஸ்லாட்டில் ஏறும். சில தடவை பூட் ஆகத் தவறினால் ஃபோன் தானே பழைய ஸ்லாட்டுக்குத் திரும்பிவிடும். ஸ்டோரேஜ் நிரம்பியிருந்தால் பாதியிலேயே எரர் காட்டி நிற்கும். சில ஜிபி காலி செய்துவிட்டு மறுபடி போடுங்கள்.

கையால் ஃபிளாஷ் செய்பவர்களுக்கு (சிஸ்டத்தைக் கம்ப்யூட்டர் வழியே தாங்களே ஏற்றுபவர்களுக்கு): பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்று நினைக்கும் முன், பழையது ஏறாமல் தடுக்கும் ஆன்ட்டி-ரோல்பேக் எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஆகஸ்டில் பிக்சல் 6 வரிசைக்கு வந்த ஆண்ட்ராய்டு 13 பூட்லோடரில் (ஃபோனைத் துவக்கும் மென்பொருளில்) அந்த எண் ஏறியது. அதன்பின் பழைய 12 பில்டுகளுக்குத் திரும்ப வழியில்லை. ஒரு ஸ்லாட்டில் மட்டும் புது பூட்லோடர் போட்டு, மற்றதில் பழையது கிடந்தால், ஃபோன் அந்தப் பக்கம் பூட் ஆகப் போய் அப்படியே செத்துவிடும். இரண்டு ஸ்லாட்டிலும் புதிய பூட்லோடரை ஏற்றிவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள்.

கெர்னல் பக்கம் வேலை செய்பவர்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், செக்யூரிட்டி பேட்சின் சோர்ஸ் வெளியான 4 மாதத்துக்குள் அது ஃபோனுக்கு வந்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல தொடக்கம், ஆனால் 4 மாதம் ரொம்ப நீளம். சோர்ஸ் வெளியான அன்றே பழைய வரியையும் புதிய வரியையும் பக்கத்தில் வைத்து ஓட்டை எங்கே என்று யாரும் படித்துவிடலாம். தாக்குபவன் அந்த 4 மாதம் காத்திருக்க மாட்டான்.