பொருள்: மொழிக்கூடா, ஈனிலா? புதன்கிழமைக்குள் ஒரு சொல் தேவை

மதுரை ஆசிரியை:
அன்பர்களுக்கு வணக்கம். புதனன்று முதுகலை வகுப்பில், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழி மீட்பு பற்றிய பாடம். 1982இல் அங்கே, வெலிங்டனை அடுத்த வைனுயியோமாட்டாவில் முதல் 'கோஹங்கா ரேயோ' தொடங்கியது. நடுத் தலைமுறை ஆங்கிலத்துக்குப் போய்விட்டதால், பள்ளிக்குப் போகாத சிறு பிள்ளைகளைத் தாத்தா பாட்டிகளிடமே விட்டார்கள். சோறு, தூக்கம், விளையாட்டு எல்லாம் மாவோரியில். 'கோஹங்கா' பறவைக்கூடு, 'ரேயோ' மொழி. பாடக்குறிப்பில் 'மொழிக்கூடு' என்று எழுதலாமா?

கோவைப் புலவர்:
கூடு வேண்டாம் அம்மா. எலும்புக்கூடு, வெறுங்கூடு என்றே காதில் விழும். பிழைத்தெழும் மொழிக்கு அந்தப் பெயரா? குறுந்தொகை 85இல் ஊர்க்குருவிச் சேவல் சூல் முதிர்ந்த பேடைக்காகக் கரும்பின் வெண்பூவைக் கோதி இழைப்பது 'ஈனில்'. ஈன்+இல், ஈனும் இல்லம். 'மொழியீனில்' என்க. கூட்டுக்குக் 'குடம்பை' என்ற சொல்லும் உண்டு; ஆனால் குறள் 338இல் புள் குடம்பையை விட்டுப் பறந்தேவிடுகிறது. பரிமேலழகரோ அதற்கு முட்டை என்று பொருள் கொள்கிறார்.

திருச்சி மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, ஈனில் அழகுதான். ஆனால் அகராதியோடு உட்கார்ந்தால்தான் விளங்கும் சொல் வகுப்பில் நிற்காது. 'மொழித்தொட்டில்' என்றால் பாமரருக்கும் புரியும்.

மதுரை ஆசிரியை:
தொட்டில் என்றதும் இங்கே 1992இல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் நினைவுக்கு வருகிறது. கைவிடப்பட்ட பிள்ளையின் சாயல் இதில் படியக் கூடாது.

தஞ்சை அன்பர்:
'மொழி நாற்றங்கால்'! கூட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஐந்து வயதில் எங்கே போவார்கள்? ஆங்கிலப் பள்ளிக்குத்தான். அதனால்தான் 1985இல் ஆக்லாந்தில் தனியே மாவோரிவழிப் பள்ளி தொடங்கினார்கள். நாற்று தயார், நடுவதற்கு வயல் வேண்டும். அந்தப் பொருள் கூட்டில் இல்லை.

திருச்சி மொழிபெயர்ப்பாளர்:
உவமை நம் வயலுடையது, அவர்களுடையது அன்று. ஹவாயில் 1984இல் தொடங்கிய 'பூனானா லெயோ'வும் கூடுதான். பின்லாந்தில் இனாரி சாமி மக்கள் 1997இல் தொடங்கியதும் மொழிக்கூடுதான். ஒரு மக்களிடம் மற்றொரு மக்கள் கற்றுக்கொண்ட தடம் அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. தொட்டிலை விடுகிறேன். கூட்டை உடைக்காதீர்கள்.

கோவைப் புலவர்:
அப்படியானால் மூலச்சொல்லையாவது சரியாக எழுதுங்கள். அவர்கள் ஒலிப்பில் 'ங்கா' இல்லை. தனி மெல்லொலி, நம் ங. 'அங்ஙனம்', 'இங்ஙனம்' போன்ற சில சொற்களில் மட்டும் எட்டிப் பார்க்கும் அந்த உயிர்மெய்க்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது: 'கோஹங'. 'ஙப்போல் வளை' என்றாள் ஔவை. ஒரு ங தன் பயன்படாத இனத்தையெல்லாம் தாங்கி நிற்பதுபோல உறவைத் தழுவிக்கொள் என்பது உரை. இந்தப் பாடத்துக்கே பொருத்தம்.

தஞ்சை அன்பர்:
அந்த 'ஹ'வை என்ன செய்வது? 'கோகங' போதும்.

கோவைப் புலவர்:
ககரம் இட்டால் சொல் கெடும். இந்த ஓரிடத்தில் கிரந்தத்தைப் பொறுக்கிறேன்.

கோத்தகிரிக்காரர்:
இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நாளை கோத்தர், தோடர் பிள்ளைகளுக்கு இப்படி ஓர் இடம் அமைந்தால் நம் சொல்லை அதன் வாசலில் மாட்ட வேண்டாம். பெயரை அவர்கள் மொழியில் அவர்களே வைக்கட்டும். 'மொழிக்கூடு' பாடநூலில் இருக்கட்டும்.

மதுரை ஆசிரியை:
ஒப்புக்கொள்கிறேன். குறிப்பு இன்றிரவு அச்சுக்குப் போகிறது. 'மொழிக்கூடு' என்றும், முதல் இடத்தில் மட்டும் 'கோஹங ரெஓ' என்றும் எழுதுகிறேன். நாற்றங்காலைப் பள்ளி பற்றிய பத்தியில் உவமையாக வைத்துக்கொள்கிறேன்.

கோவைப் புலவர்:
ங பிழைத்தது, மகிழ்ச்சி. கூட்டுக்கு என் உடன்பாடு இல்லை. ஈனில்தான்.