முதல் பிடி அரிசி: உங்கள் வீட்டில் எப்படி?

பனைவிளை மகள்
சர்ச்சுக்குக் கொடுக்கவென்று எடுத்து வைக்கிற கைப்பிடி அரிசி டப்பா எங்கள் வீட்டிலும் இருந்தது. அரிசி களைவதற்கு முன் அம்மா ஒரு பிடி எடுத்து, கண்ணை மூடி உதட்டை அசைத்துவிட்டு அதில் போடுவார்கள். அப்புறம்தான் எங்களுக்கு.

நான் ஏழாம் வகுப்பு. மாசக் கடைசி, சனிக்கிழமை ராத்திரி. பக்கத்து வீட்டு அத்தை ஓலைப்பெட்டியோடு வந்து, "மைனி, ஒரு உழக்கு அரிசி இருந்தா தாங்க, திங்கக்கிழமை தந்திருதேன்" என்றார்கள். எங்கள் அரிசிப்பானை அன்றைக்குக் காலி. டப்பா மட்டும் மறுநாள் கோவிலுக்குப் போக நிறைந்து நின்றது. அம்மா "இல்லியே" என்றார்கள். அத்தை டப்பாவைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள். "அது கர்த்தருக்குள்ளது" என்றார்கள் அம்மா, நான் கேட்காமலே.

கடை அண்ணாச்சி
அம்மாவைக் குறை சொல்லாதீங்க. அடுத்தவருக்காக ஒருநாள் திறந்த டப்பாவை மறுவாரம் நமக்காகத் திறப்போம். மத்தேயு 6:33-இல் ‘முதலாவது’ என்றுதான் இருக்கிறது.

நான் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. ஒருமுறை கோவிலுக்குக் கிளம்பி வாசலில் நிற்கும்போது ஒருவர் ஓடி வந்து பிள்ளைக்குப் பால் பவுடர் கேட்டார். "இன்னைக்கு லீவு" என்றேன். சபை ஐயர் அன்று என்ன பிரசங்கம் பண்ணினார் என்று ஞாபகமில்லை. முழங்கால் போடும்போதெல்லாம் பையில் கிடந்த கடைச்சாவி தொடையில் குத்தியது ஞாபகமிருக்கிறது.

கணக்குப்பிள்ளை
என் கதை சின்னது. முதல் சம்பளத்தில் தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, கோவிலுக்கென்று உறையில் போட்டேன், 20-ஆம் தேதி பஸ்ஸுக்குக் காசில்லாமல் அதிலிருந்தே எடுத்தேன். இன்னும் திருப்பி வைக்கவில்லை. அது கிடக்கட்டும்.

எல்லாரும் செய்கிற தப்பு, மீதியில் கொடுப்பது. நீதிமொழிகள் 3:9 சொல்வது முதற்பலன். சம்பளம் ஏறின அன்றே தனி அக்கவுண்ட்டுக்கு மாற்றுங்கள். பி.எஃப். பிடித்தம் போக உள்ளதிலா, முழுத் தொகையிலா என்று கேட்பார்கள். முழுத் தொகையில்தான், பி.எஃப்.பும் உங்கள் பணம்தானே. நேரத்துக்கும் இதே கணக்கு: போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள், காலையில் வேதத்தைத் தொட்டபிறகு போனைத் தொடுங்கள். குடும்ப ஜெபத்தைச் சாப்பாட்டுக்கு முன் வையுங்கள், பின்னால் வைத்தால் பிள்ளைகள் தூங்கிவிடும். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இலிருந்து இதே கைப்பிடி அரிசி எடுத்து ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். மீதியில் கொடுத்திருந்தால் இத்தனை வருஷம் நடக்குமா?

வேதக்கோவில் தெரு
கணக்குப்பிள்ளை சார், முதலில் அந்த உறை.

அண்ணாச்சி, டப்பாவைத் திறக்கலாம். தாவீது பசித்து வந்தபோது ஆசாரியன், தேவனுக்கு முன் வைத்த, ஆசாரியர் மட்டுமே சாப்பிட வேண்டிய சமுகத்தப்பத்தையே எடுத்துக் கொடுத்தான், இயேசுவே அதை எடுத்துப் பேசுகிறார். தகப்பன் தாய்க்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை அவர் என்ன சொன்னார், மாற்கு 7 பாருங்கள்.

இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. எங்கள் ஊரில் கைப்பிடி அரிசியைக் கோவிலில் ஒன்றாகக் கொட்டி, கடைவிலைக்குக் குறைத்து விற்பார்கள். கையில் காசு குறைந்த வீடுகள் வாங்கும். எங்கள் வீடும் வாங்கியது. புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி, எல்லாம் ஒரே மூட்டையில். எப்படி வடித்தாலும் ஒன்று குழைந்து போகும், ஒன்று நறுக்கென்று நிற்கும். தட்டைப் பார்த்தாலே எந்த அரிசி என்று தெரிந்துவிடும், அதனால் கூட்டாளிகளை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட மாட்டேன்.

பனைவிளை மகள்
அத்தை வீட்டில் நான் நிறைய நாள் சாப்பிட்டிருக்கிறேன். பாதி குழைந்திருக்கும், பாதி வெந்திருக்காது. அத்தைக்குச் சோறு வடிக்கவே தெரியவில்லை என்று அம்மாவிடம் வந்து சொல்லிச் சிரித்திருக்கிறேன்.