தமிழ்ப் பிள்ளைக்கு லத்தீன்: தடுக்கி விழும் இடங்கள்

கொழிஞ்சாம்பாறை, லத்தீன் டீச்சர்:

முதலில் மனப்பாடம், பிறகு தர்க்கம் என்று பருவம் பருவமாகக் கற்பிக்கும் செவ்வியல் கிறிஸ்தவப் பள்ளி முறைக்கு வருகிற பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்புகளிலேயே லத்தீன் ஆரம்பமாகிவிடும். கையில் கிடைக்கிற பாடநூல்கள் ஆங்கிலம் பேசும் குழந்தையை மனதில் வைத்து எழுதியவை. வேற்றுமை என்றால் என்ன என்று புரியவைக்கவே அவை பல பக்கங்கள் செலவழிக்கும். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சுற்றுவழி வேண்டாம். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று நன்னூல் வரிசையை ஒப்பிக்கிற பிள்ளையிடம் நேரே தமிழ் வழியாகப் போங்கள்.

நமக்கு எட்டு வேற்றுமை, லத்தீனுக்கு ஆறு. நம்முடைய முதல், இரண்டு, நான்கு, ஆறு, எட்டு ஆகியவை பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும். மிச்சமிருக்கும் மூன்று, ஐந்து, ஏழு ஆகிய மூன்றின் வேலையையும் அப்லாட்டிவ் என்ற ஒரே வேற்றுமை பார்க்கிறது. வாளால் என்றால் 'க்ளாடியோ', முன்னால் எதுவும் வராது. நண்பனோடு என்றால் 'கும் அமீகோ'. பள்ளியிலிருந்து, 'எக்ஸ் ஸ்கோலா'. பள்ளியில், 'இன் ஸ்கோலா'. இந்த நான்கையும் கரும்பலகையில் தமிழோடு சேர்த்து எழுதி ஒரு வாரம் அழிக்காமல் விடுங்கள்.

பிள்ளைகள் தடுக்குவது இரண்டு இடத்தில். தமிழில் அஃறிணைப் பெயரில் 'ஐ' மறைந்துவிடும்: தண்ணீர் குடித்தான், சோறு சாப்பிட்டான். அதே பழக்கத்தில் 'அக்வ பிபித்' என்று எழுதுவார்கள். 'அக்வம்' என்று வரவேண்டும். திருத்தும்போது சிவப்பு மையில் சுழிப்பதைவிட, "தண்ணீரையா, தண்ணீரா?" என்று கேட்டால் பிள்ளையே திருத்திக்கொள்ளும். அடுத்தது 'பள்ளிக்குப் போகிறேன்'. 'கு' வந்ததும் நான்காம் வேற்றுமை என்று கை தானாக ஓடும். லத்தீனில் போகும் இடத்துக்கு 'அத்' போட்டு இரண்டாம் வேற்றுமை: 'அத் ஸ்கோலம்'. கொடுப்பதற்கு ஒரு 'கு', போவதற்கு வேறு 'கு' என்று முதல் மாதத்திலேயே பிரித்துக் காட்டிவிட வேண்டும்.

ஆனால் 'எனக்குப் பிடிக்கும்' என்பது அப்படியே 'மிஹி ப்ளாச்செத்'. 'எனக்கு இரண்டு நண்பர்கள்' என்பதும் 'மிஹி சுந்த் துவோ அமீச்சி'. ஆங்கிலக் குழந்தை தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடத்தில் நம் பிள்ளை ஓடியே போய்விடும்.

பாறசாலை, இலக்கண வகுப்பு எடுப்பவர்:

டீச்சர் சொன்னது பெயர்ச்சொல்லுக்குச் சரி. வினைச்சொல்லில் நம் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் மலையாளம் பேசுகிற பிள்ளைக்கு வினையில் 'யார்' என்பது தெரியாது. ஞான் வருந்நு, நீ வருந்நு, அவர் வருந்நு, எல்லாம் ஒன்றே. ஆகவே 'அமோ, அமாஸ், அமத், அமாமுஸ், அமாதிஸ், அமந்த்' என்ற வரிசை அவர்களுக்கு வெறும் பாட்டாகவே நின்றுவிடுகிறது. வாக்கியத்தில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'அமத்' போடுவார்கள். முதலில் தமிழ் வரிசை: நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான், நேசிக்கிறோம், நேசிக்கிறீர்கள், நேசிக்கிறார்கள். அது நாக்கில் ஏறிய பிறகு லத்தீன். இரண்டையும் மாறிமாறி, ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் லத்தீன் என்று சொல்லவைத்தால் பொருள் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. நோட்டில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதவிடாதீர்கள். இங்கே நாம் எழுதுவது பேசிக்கொள்வதற்காக. 'அமாதிஸ்' என்று எழுதினால் நடுவில் வரும் 'தி'யைத் தமிழ் நாக்கு மெலித்துத்தான் படிக்கும். மலையாளத்தில் வல்லின 'த'வுக்கும் மெலிந்த 'த'வுக்கும் தனித்தனி எழுத்து இருந்தாலும், சொல்லின் நடுவில் வரும் ஒற்றை வல்லின 'த' அங்கேயும் பெரும்பாலும் மெலிந்தே ஒலிக்கும். ரோமன் எழுத்தும், நெடிலைக் காட்ட எழுத்தின் மேல் இடும் நெடில்கோடும் போதும். நெடில்கோட்டை விட்டால் மதிப்பெண் குறையுங்கள். 'மலும்' என்றால் தீமை, 'மாலும்' என்றால் ஆப்பிள். கல், கால் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஒரு நிமிட வேலை.

உச்சரிப்பு முறையையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். வானத்துக்கான லத்தீன் சொல் (caelum) தேவாலய முறையில் 'சே' என்று தொடங்கும், பழைய ரோம முறையில் 'கை' என்று. பாடகர் குழு ஒரு மாதிரி, வகுப்பு ஒரு மாதிரி என்றால் பிள்ளைகள் இரண்டையும் கலந்துவிடுவார்கள்.

மூணாறு, மனப்பாட வகுப்பு:

மனப்பாடப் பருவத்தை 1947இல் ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் ஆக்ஸ்ஃபோர்டு உரையில் கிளியோடு ஒப்பிட்டார். நமக்குக் கிளிப்பிள்ளை என்ற சொல்லே இருக்கிறது. நாளுக்கு 15 நிமிடம், புதிதாக ஒரு வசனம், பழையது மூன்று. கடைசிச் சொற்றொடரிலிருந்து பின்னோக்கிச் சேர்த்துக்கொண்டு வந்தால் பிள்ளை எப்போதும் தெரிந்ததை நோக்கிப் போகும், பாதியில் நிற்காது.

சங்கீத எண்ணில் கவனம். நம் வேதாகமத்தில் 23ஆம் சங்கீதம், பழைய லத்தீன் வேதாகமத்தில் 22. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருந்தால், எண்ணைச் சொல்லாமல் முதல் வரியைச் சொல்லிக் கேளுங்கள். அதில் வரும் 'நிஹில் மிஹி தேரித்' என்பதற்குத் திருவிவிலியத்தின் 'எனக்கேதும் குறையில்லை' அப்படியே பொருந்துகிறது. கொழிஞ்சாம்பாறை டீச்சர் சொன்ன அதே 'மிஹி', அதே 'எனக்கு'.

களியக்காவிளை, தர்க்கம் எடுப்பவர்:

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தர்க்கம் தொடங்கும்போது பட்டிமன்றப் பழக்கம்தான் பெரிய தடை. கைதட்டல் வாங்குகிற வரி முதலில் வருகிறது, வரையறை வருவதே இல்லை. முதல் பருவம் முழுக்க விவாதம் வைக்காமல், சொல்லை வரையறுப்பதும் வாக்கியத்தை நான்கு வகையாகப் பிரிப்பதும் மட்டும் செய்யலாம்: எல்லாம் ஆம், எதுவும் இல்லை, சில ஆம், சில இல்லை.

இங்கே தமிழே ஒரு கண்ணி வைத்திருக்கிறது. 'எல்லோரும் வரவில்லை' என்றால் ஒருவரும் வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? இரண்டுக்கும் அதே வாக்கியம் போகும். இந்த வாக்கியத்தோடு முக்கூற்று வாதம் (இரண்டு கூற்றிலிருந்து மூன்றாவதை முடிவாக எடுப்பது) செய்தால் முடிவு தப்பும், எங்கே தப்பியது என்று பிள்ளைக்குத் தெரியாது. பயிற்சித் தாளில் 'எல்லோரும்' என்ற சொல்லை எதிர்மறையோடு சேர்க்கவே கூடாது என்று விதி வையுங்கள். 'ஒருவரும் வரவில்லை' அல்லது 'சிலர் வரவில்லை', இரண்டில் ஒன்றை எழுதிய பிறகுதான் அடுத்த வரி.