18 ஜிபி மெயில்: கம்ப்யூட்டரிலேயே வைப்பதா, சர்வரில் விடுவதா?

ஈரோடு_தறி:
வணக்கம். சின்ன ஜவுளி ஏற்றுமதி ஆபீஸ், மூன்றே பேர். சொந்த டொமைனில் மெயில். 2011-ல் தண்டர்பேர்ட் என்ற மெயில் சாஃப்ட்வேரில் பாப் (POP) முறையில் போட்டுக் கொடுத்தார்கள், இன்றுவரை அப்படியே ஓடுகிறது. மெயில் வந்ததும் என் கம்ப்யூட்டருக்கு இறங்கிவிடும், சர்வரில் எதுவும் தங்காது. மொத்தம் 18 ஜிபி. பார்ட்டி ஆர்டர், பில், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அதற்குள்தான். போன வாரம் ஹார்ட் டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. வேறு டிஸ்க்குக்கு மாற்றி முடிக்கும்வரை இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை. மெயிலை சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ஐமேப் (IMAP) முறைக்கு மாறிவிடுங்கள், போனிலும் பார்க்கலாம் என்கிறான் மகன். ஆனால் ஹோஸ்டிங்கில் ஒரு மெயில்பாக்ஸுக்கு 5 ஜிபிதான் இடம். தவிர, எங்கள் வியாபார மெயில் யாரோ ஒருவரின் சர்வரில் கிடப்பது மனதுக்கு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

மெயில்_அட்மின்:
மகன் சொல்வது சரி, மாறுங்கள். டயல்-அப் காலத்தில் போன் பில் ஏறாமல் இருக்க, இணைத்து, மெயிலை இறக்கி, உடனே துண்டித்துவிட்டு அப்புறம் நிதானமாகப் படிப்போமே, அந்தப் பழக்கத்துக்குத்தான் பாப் பொருத்தம். அதற்கு இன்பாக்ஸ் மட்டும்தான் தெரியும். நீங்கள் பிரித்து வைத்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியாது, போனிலிருந்து அனுப்பிய பதில் கம்ப்யூட்டருக்கு வராது. ஐமேப் அப்படி இல்லை. 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் அதை வடிவமைத்ததே மெயில் சர்வரில் இருக்கட்டும், எந்த மெஷினிலிருந்தும் பார்க்கலாம் என்பதற்காகத்தான். படித்தது, படிக்காதது, பதில் போட்டது எல்லாமே எல்லா இடத்திலும் ஒன்றாகத் தெரியும். கணக்கு செட்டிங்கில் போர்ட் 993, எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைப்பு) என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி_வாசகன்:
மாறலாம், ஆனால் ஐமேப்பை பேக்கப் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நாங்கள் பட்டது இது. ஹோஸ்டிங் கம்பெனியை மாற்றினோம், சர்வர் பெயர், பாஸ்வேர்ட் இரண்டும் அதேதான். மறுநாள் காலை தண்டர்பேர்டைத் திறந்ததும் அது போய்ப் புது சர்வரைப் பார்த்தது, அங்கே ஒன்றும் இல்லை, இங்கேயும் காலி. 7 வருட மெயில் என் கண் முன்னால் பட்டியலிலிருந்து மறைந்தது. சர்வரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் ஐமேப் காட்டும், கம்ப்யூட்டரில் இருப்பது அதன் நிழல் மாதிரி. பழைய இடத்தில் கணக்கு மூட 4 நாள் பாக்கி இருந்ததால்தான் எடுக்க முடிந்தது. யாராவது போனில் தவறுதலாக அழித்தாலும் இதே கதைதான், எல்லா மெஷினிலும் அழியும்.

மெயில்_அட்மின்:
உண்மை, அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பழைய_கீபோர்டு:
இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு வருட மெயில் மட்டும் சர்வரில், மற்றது முழுக்க உங்கள் கம்ப்யூட்டரில் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ கீழே, வருடத்துக்கு ஒரு ஃபோல்டராக. 5 ஜிபி தாராளமாகப் போதும்.

தண்டர்பேர்டில் பாப் கணக்கை அப்படியே ஐமேப்பாகத் திருப்ப முடியாது. அதே முகவரிக்கு ஐமேப் கணக்கு ஒன்றைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால் பழைய பாப் கணக்கில் தானாக மெயில் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். இதை மறந்தால் பாப் வழக்கம்போல மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிடும், ஐமேப்பில் ஒன்றுமே தெரியாது, மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். மற்ற இரண்டு பேர் மெஷினிலும் இதே முகவரி பாப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பழையதை சர்வருக்கு ஏற்றும்போது இருநூறு முந்நூறாக இழுத்துப் போடுங்கள், மொத்தமாகப் போட்டால் பாதியில் நின்றுவிடும்.

பேக்கப்புக்கு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதன் மெயில், செட்டிங் எல்லாம் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுசாக வெளி டிஸ்க்குக்கு காப்பி எடுங்கள்.

ஈரோடு_தறி:
காப்பி எடுக்கும்போது பென் டிரைவில் ‘ஃபைல் மிகப் பெரியது’ என்று நிற்கிறது. டிரைவில் 64 ஜிபி காலி இருக்கிறது.

பழைய_கீபோர்டு:
பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் ஏறாது. தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில் அத்தனையையும் எம்பாக்ஸ் என்ற வகையில் ஒரே ஃபைலாகத்தான் வைக்கும், உங்கள் இன்பாக்ஸே அதைத் தாண்டியிருக்கும். டிரைவில் வேறு எதுவும் இல்லையென்றால் பெரிய ஃபைலையும் ஏற்கும் எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்யுங்கள். அதற்கு முன் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ‘காம்பாக்ட்’ கொடுங்கள். நீங்கள் அழித்த மெயில்கூட அதுவரை அந்த ஃபைலுக்குள்ளேயே கிடக்கும்.

ஈரோடு_தறி:
காம்பாக்ட் கொடுத்ததில் 18 ஜிபி 11 ஆகிவிட்டது! எக்ஸ்ஃபேட் போட்டு ஒரு காப்பி எடுத்து வீட்டு பீரோவில் வைத்தாயிற்று. இப்போது 2011 மெயிலிலிருந்து வருடவாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், முதல் ஆர்டர் கொடுத்த பார்ட்டியின் மெயில் இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஐமேப்பை மாற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். மூவருக்கும் ரொம்ப நன்றி.